பனியாறு உடைந்து விழும் கணத்தைப் படமெடுக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனியாற்றின் முகப்பிலிருந்து ஒரு பாளம் பிளந்து தண்ணீரில் விழுவதை நேரில் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் கொண்டுவரும் படங்களைப் பார்த்தால் பெரும்பாலும் விழுந்து முடிந்த பிறகு கலங்கிக் கிடக்கிற தண்ணீர்தான் இருக்கும். அது ஏன், அதைத் தவிர்ப்பது எப்படி, அதற்காக உயிரைப் பணயம் வைக்காமல் இருப்பது எப்படி என்பதுதான் கீழே வரும் பதில்களில் பெரும்பகுதி.

பனியாறு ஏன் உடைந்து விழுகிறது?

பனியாறு என்பது பெயரில் இருக்கிறபடியே ஓடுகிற பனி. மலைமேல் ஆண்டுக்கணக்கில் விழுந்த பனி தன் பாரத்திலேயே இறுகிக் கட்டியாகிச் சரிவில் மெல்ல இறங்குகிறது. அர்ஜென்டினாவின் பெரிட்டோ மொரேனோவில் நடுப்பகுதி ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2 மீட்டர் நகர்கிறது. இப்படி வருவது கடலிலோ ஏரியிலோ போய் முடிந்தால் முன்னால் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை. கீழே தண்ணீர் அடியைக் கரைத்துக் குடைகிறது; மேலே வெடிப்புகள் அகலமாகின்றன. ஒரு கட்டத்தில் மேலே நிற்பது சரிந்துவிடுகிறது.

ஆங்கிலத்தில் இதற்கு மாடு கன்று போடுவதற்கான சொல்லையே வைத்திருக்கிறார்கள். பெரிய பனியாறு குட்டிப் பனிப்பாறையை ஈனுகிறதாம். அலாஸ்காவின் கிளேசியர் பே பகுதியின் பூர்வகுடிகளான டிலிங்கிட் மக்கள் வைத்த பெயர் 'வெள்ளை இடி'. கேமராவோடு போகிறவருக்கு இரண்டாவது பெயர்தான் உதவும். காரணம் பிறகு வருகிறது.

எங்கே போனால் பார்க்கலாம்?

நிலத்தில் நின்றபடி எடுக்க வேண்டுமென்றால் பெரிட்டோ மொரேனோவுக்கு ஈடில்லை. எல் கலஃபாட்டே ஊரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். முகப்பு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் அகலம், நீர்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 60 மீட்டர் உயரம். எதிர்க் கரையில் பல மட்டங்களில் நடைமேடைகள் போட்டிருக்கிறார்கள். ட்ரைபாடை விரித்து நாள் முழுக்க நிற்கலாம், யாரும் விரட்ட மாட்டார்கள். முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

அலாஸ்காவில் கப்பலிலிருந்துதான் பார்க்க வேண்டும். கிளேசியர் பேயில் மார்ஜரி, யாகுடாட் அருகே ஹப்பர்ட். ஹப்பர்டின் நீளம் 120 கிலோமீட்டருக்கு மேல். முகப்பே 10 கிலோமீட்டர் அகலம்.

கிரீன்லாந்தில் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. இலுலிசாட் என்ற பெயரைக் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் அங்கே பனியாற்றின் முகப்பைப் பார்க்கலாம் என்று நினைக்கிறார்கள். ஊருக்கு முன்னால் இருப்பது ஏற்கெனவே உடைந்து வந்த பனிப்பாறைகளின் கூட்டம். செர்மெக் குயாலெக் பனியாற்றின் முகப்பு பல பத்துக் கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. இடையில் நீர்வழி முழுக்கப் பனி அடைத்துக்கொண்டிருப்பதால் படகு போகாது, ஹெலிகாப்டர்தான். உடைவதைப் பார்க்க வேண்டுமென்றால் அங்கிருந்து வடக்கே படகில் எகி பனியாற்றுக்குப் போக வேண்டும்.

நார்வேயின் ஸ்வால்பார்ட், சிலியின் படகோனியா, அண்டார்டிகா தீபகற்பம் ஆகியவை அடுத்த வரிசை. செலவும் அலைச்சலும் கூடுதல், பார்க்கக் கிடைக்கிற நேரம் குறைவு.

எந்த மாதம், எந்த நேரம் நல்லது?

அந்தந்த அரைக்கோளத்தின் கோடை. அலாஸ்காவுக்கு மே கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை, படகோனியாவுக்கு டிசம்பரிலிருந்து மார்ச் வரை. மதிய வெயிலில்தான் விழும் என்று பலரும் சத்தியம் செய்வார்கள். நான் அதை நம்பி அட்டவணை போடுவதில்லை. உடைப்பதில் வெயிலைவிட அடியில் குடைகிற தண்ணீருக்குப் பங்கு அதிகம், தண்ணீர் கடிகாரம் பார்ப்பதில்லை.

சத்தம் கேட்டதும் கேமராவைத் திருப்பினேன். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. என்ன தவறு?

சத்தத்தை நம்பியதுதான் தவறு. மின்னலையும் இடியையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

உறைநிலைக் குளிரில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 330 மீட்டர் போகும். நீங்கள் ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கிறீர்கள் என்றால் பிளக்கிற சத்தம் உங்களிடம் வர மூன்று வினாடி. இப்போது விழுகிற பாளத்தைப் பாருங்கள். 60 மீட்டர் உயரத்திலிருந்து தடையில்லாமல் விழுகிற பொருள் தண்ணீரைத் தொட மூன்றரை வினாடி. அதாவது 'படார்' என்று காதில் விழும்போது பாளம் தண்ணீரைத் தொட இன்னும் அரை வினாடிதான் இருக்கிறது. நீங்கள் தலையைத் திருப்பி, இடத்தைத் தேடி, கேமராவைத் தூக்குவதற்குள் நுரை அடங்கத் தொடங்கியிருக்கும்.

இதே கணக்கை இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்தால் நல்ல செய்தி இருக்கிறது. விழத் தொடங்கிய முதல் கால் வினாடியில் பாளம் 30 சென்டிமீட்டர்தான் இறங்கும். முதல் முழு வினாடியில் 5 மீட்டர். இரண்டாவது வினாடி முடியும்போது 20 மீட்டர். தொடக்கத்தில் அது தயங்குகிற மாதிரியே இருக்கும். பெரிய துண்டு என்றால் விழுகிறதா, இல்லை நம் கண்தான் ஏமாற்றுகிறதா என்று சந்தேகமே வரும். அந்தச் சந்தேகம் வருகிற நேரத்தில் விரல் ஷட்டரை அழுத்தியிருந்தால் முழு விழுதலும் உங்களுக்கு. ஆகவே கண் முகப்பின் மேல் இருந்தால் நேரம் தாராளமாக இருக்கிறது, காதை நம்பினால் இல்லை.

இன்னொன்று. சத்தம் கேட்டுத் திரும்பியது வீண் என்று கேமராவை இறக்கிவிடாதீர்கள். ஒரு துண்டு விழுந்தால் பக்கத்தில் இருந்ததற்குத் தாங்கல் போய்விடுகிறது. அதே இடத்தில் அடுத்த சில நிமிடங்களில் இன்னொன்று விழுவது அடிக்கடி நடக்கும்.

எங்கே விழப்போகிறது என்று முன்கூட்டியே தெரியுமா?

உறுதியாகத் தெரியாது. ஆனால் 5 கிலோமீட்டர் சுவரை அரை கிலோமீட்டராகக் குறைக்கலாம்.

முதலில் தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். கடலில் முடிகிற பனியாறுகளில், முகப்பின் அடியிலிருந்து உருகுநீர் சேறோடு கொப்பளித்து மேலே வருகிற இடம் பழுப்பாகத் தெரியும். அங்கே அடி வேகமாகக் குடையப்படுகிறது. கடற்புறாக்கள் கூட்டமாக அந்த இடத்தில் வட்டமடிக்கும், கொப்பளிப்பில் மேலே வரும் சின்ன உயிரினங்களைப் பிடிக்க. தூரத்திலிருந்து பழுப்பு நிறம் தெரியாவிட்டாலும் பறவைகள் தெரியும். நான் படகு நின்றதும் பனியைப் பார்ப்பதற்கு முன் பறவைகளைத்தான் தேடுவேன்.

அப்புறம் சுவரைப் பாருங்கள். முன்னால் சாய்ந்து நிற்கிற தூண், பின்னால் ஆழமான வெடிப்பு விழுந்து தனியாகப் பிரிந்து நிற்கிற துண்டு, நீர்மட்டத்தில் குகை மாதிரிக் குடைந்த வளைவுக்கு மேல் இருக்கிற பகுதி எல்லாம் கவனிக்க வேண்டியவை. அந்தத் தூணின் காலடியில் சர்க்கரை கொட்டுகிற மாதிரிப் பொடிப்பனி உதிர ஆரம்பித்தால் ஃபோகஸை அங்கே வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். உதிர்ந்து நின்றுபோவதும் உண்டு. உதிர்ந்து, நின்று, மறுபடி உதிர்ந்தால் இடத்தை விட்டு நகராதீர்கள்.

எந்த லென்ஸ்?

70–200 மி.மீ. ஜூம். இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

முழு அளவு சென்சார் கேமராவில் 200 மி.மீ. லென்ஸ் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் 180 மீட்டர் அகலமும் 120 மீட்டர் உயரமும் உள்ள பகுதியைப் பிடிக்கும். 60 மீட்டர் சுவர், மேலே கொஞ்சம் வானம், கீழே தண்ணீர் எழும்ப இடம் எல்லாம் அடங்கும். 400 மி.மீ. போட்டால் 90-க்கு 60 மீட்டர். சுவரே படச் சட்டத்தை நிரப்பிவிடும். பாளம் படத்தின் அடி விளிம்பு வழியாக வெளியே போய்விடும், தண்ணீர் தெறிப்பது வராது. தெறிப்புதானே படம்!

நீளமான லென்ஸைப் பூட்டிக்கொண்டு நிற்பவர் மொத்த முகப்பில் ஐம்பதில் ஒரு பங்கைக் காவல் காக்கிறார். எனக்கு அது லாட்டரிச் சீட்டு வாங்குகிற வேலையாகத் தெரிகிறது. கொஞ்சம் அகலமாக எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். வெளியே போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

இரண்டாவது கேமரா இருந்தால் 24–70 போட்டுக் கழுத்தில் தொங்கவிடுங்கள். மிகப் பெரியதாக ஒன்று சரிந்தால், அலை பரவி வருவதற்கு அது வேண்டும்.

ஷட்டர் வேகம் எவ்வளவு வைக்க வேண்டும்?

1/1000 போதும், 1/2000 வைத்தால் நிம்மதி. 60 மீட்டரிலிருந்து விழும் பாளம் தண்ணீரைத் தொடும்போது வினாடிக்கு 34 மீட்டர் வேகத்தில் இருக்கும். 24 மெகாபிக்சல் கேமராவில், மேலே சொன்ன 200 மி.மீ., ஒரு கிலோமீட்டர் கணக்கில், ஒரு பிக்சலுக்கு 3 சென்டிமீட்டர். 1/1000 வினாடியில் பாளம் நகர்வது 3.4 சென்டிமீட்டர், அதாவது ஒரு பிக்சல். 400 மி.மீ.க்குப் போனாலோ பாதித் தூரத்துக்கு வந்தாலோ 1/2000. படகு ஆடுவதையும் இந்த வேகமே சரிக்கட்டிவிடும்.

துளை எஃப் 5.6 அல்லது எஃப் 8. ஐ.எஸ்.ஓ.வை (சென்சாரின் ஒளி உணர்திறன்) ஆட்டோவில் விட்டுவிடுங்கள். மேகமூட்டமான நாளில் 800 வரை போனால் ஒன்றும் கெட்டுப்போகாது.

வெள்ளைப் பனி சாம்பலாக வருகிறதே?

கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். சட்டம் முழுக்கப் பனி என்றால் எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளி அளவை) +0.7 முதல் +1 வரை கூட்டுங்கள். ஹிஸ்டோகிராம் (திரையில் ஒளியின் அளவைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தை நெருங்க வேண்டும், முட்டக் கூடாது. வெயில் நாளில் கூட்டியதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். தெறிக்கிற நீர் சுவரைவிடப் பளிச்சென்று இருக்கும், அது வெளுத்துப் போனால் மீட்க முடியாது. ரா ஃபைலில் (கேமரா திருத்தாத மூலக் கோப்பில்) எடுங்கள்.

பர்ஸ்டில் (தொடர்ந்து பல படம் எடுக்கும் முறையில்) அழுத்திப் பிடித்தேன், பாதியில் கேமரா நின்றுவிட்டது.

கேமராவின் தற்காலிக நினைவகம் நிரம்பிவிட்டது. விழுதல் மூன்றரை வினாடி, தெறித்து அடங்க இன்னும் பல வினாடி. வினாடிக்கு 20 படம் என்று பிடித்தால் பல கேமராக்கள் சுவாரசியமான கட்டத்துக்கு வருவதற்குள் மூச்சுத் திணறிவிடும். வினாடிக்கு 8 முதல் 10 படம் போதும். வேகமான கார்டு போடுங்கள். அதைவிட முக்கியம், பாளம் மறைந்ததும் விரலை எடுக்காமல் இருப்பது. பெரிய துண்டு உள்ளே போய் மறுபடி மேலே எழும்பிப் புரளும். பல நேரம் அதுதான் சிறந்த படமாக இருக்கும்.

சில கேமராக்களில் ஷட்டரைப் பாதி அழுத்தி வைத்திருந்தால் முழுதாக அழுத்துவதற்கு முந்தைய அரை வினாடி, ஒரு வினாடி படங்களையும் சேர்த்துச் சேமிக்கிற வசதி உண்டு. ஒலிம்பஸ் 2016-இல் 'ப்ரோ கேப்சர்' என்ற பெயரில் கொண்டுவந்தது. இப்போது நிக்கான், கேனான், சோனியின் சில மாடல்களிலும் இருக்கிறது. இந்த வேலைக்கென்றே செய்த மாதிரி இருக்கும். பேட்டரியைக் குடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிக்கானின் இசட் 9 போன்றவற்றில் இந்த வசதி ஜேபெக்கில்தான் பதியும், ராவில் இல்லை.

ஃபோகஸ் தடுமாறுகிறது.

முகப்பில் ஒருமுறை ஃபோகஸ் செய்துவிட்டு மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். படகு நகர்ந்தால் மறுபடி சரிபாருங்கள். ஆட்டோ ஃபோகஸை விட்டால் நீர்த்தூறலைப் பார்த்ததும் முன்னும் பின்னும் அலையும். எல்லாம் சரியாக இருந்தும் படம் மங்கலாக இருந்தால் குற்றவாளி காற்றுதான். குளிர்ந்த நீர்ப்பரப்பின் மேல் வெயில் நாளில் கானல் மாதிரிக் காற்று நடுங்கும். அதற்கு லென்ஸில் மருந்தில்லை. காலை நேரமோ, மேகமோ, குறைந்த தூரமோதான்.

படகில் ட்ரைபாட் பயன்படுமா?

பயன்படாது. இன்ஜின் அதிர்வை நேராகக் கேமராவுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும். நடைமேடையில் மட்டும்.

மொபைலில் எடுக்கலாமா?

தாராளமாக. படத்தைவிட வீடியோவுக்கு மொபைல் நல்லது. கிடைமட்டமாகப் பிடியுங்கள், விரலால் இழுத்துப் பெரிதாக்காதீர்கள். எக்ஸ்போஷரைப் பூட்டி வையுங்கள், இல்லையென்றால் தெறிக்கிற வெள்ளையைப் பார்த்து மொத்தக் காட்சியையும் இருட்டாக்கிவிடும்.

வீடியோவில் சத்தம் பொருந்தவில்லை. திருத்தலாமா?

பொருந்தாமல் இருப்பதுதான் நிஜம். பாளம் தண்ணீரைத் தொடுவதற்கும் அதன் ஓசை வருவதற்கும் நடுவே இருக்கிற அமைதியைக் கணக்கிட்டாலே நீங்கள் எவ்வளவு தள்ளி நின்றீர்கள் என்று தெரிந்துவிடும். என் கருத்தில் அந்த இடைவெளியை அப்படியே விட்டால்தான் பார்ப்பவருக்குத் தூரமும் பருமனும் உறைக்கும். இழுத்துப் பொருத்தினால் பொம்மை உடைகிற மாதிரி ஆகிவிடுகிறது. சுற்றி நிற்பவர்கள் கத்துவதும் பதிவாகும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. நீங்களும் கத்துவீர்கள்.

எவ்வளவு தூரம் தள்ளி நின்றால் பாதுகாப்பு?

எல்லா இடத்துக்கும் பொருந்துகிற ஓர் எண் இல்லை. படகோட்டி சொல்வதைக் கேளுங்கள். அவர் இன்னும் தள்ளிப் போக நினைத்தால் 'கொஞ்சம் கிட்டப் போகலாமே' என்று நச்சரிக்காதீர்கள். ஆபத்து மூன்று வழியில் வரும்.

ஒன்று, சில்லுகள். பெரிட்டோ மொரேனோவில் 1968-க்கும் 1988-க்கும் இடையில் கரையோரம் இறங்கி நின்ற 32 பேர் பனிச் சில்லுகள் பட்டு இறந்திருக்கிறார்கள். நடைமேடைக் கம்பியைத் தாண்டி இறங்கக் கூடாது என்ற விதி சும்மா வந்ததல்ல. ஸ்வால்பார்டின் ஹார்ன்பிரீன் பனியாற்றில் 2007 ஆகஸ்டில் ஒரு கப்பல் முகப்பை ஒட்டிப் போனபோது பாளம் விழுந்து, பனித் துண்டுகள் மேல்தளத்திலேயே வந்து விழுந்தன. பதினைந்துக்கும் மேற்பட்ட பயணிகள் காயமடைந்தார்கள்.

இரண்டு, அலை. இதைத்தான் பலரும் மதிப்பதில்லை. 2014 ஜூலையில் மேலே சொன்ன எகி பனியாற்றில் 200 மீட்டர் உயரச் சுவரிலிருந்து 9 லட்சம் கன மீட்டர் பனி ஒரே நேரத்தில் சரிந்தது. விழுந்த இடத்தில் அலை 50 மீட்டர் உயரம் எழும்பியது. வினாடிக்கு 25 முதல் 33 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 90 முதல் 120 கிலோமீட்டர் வேகத்தில் பரவியது. 800 மீட்டர் தூரத்தில் இருந்த சுற்றுலாப் படகிலிருந்து அதைப் படம்பிடித்திருக்கிறார்கள். 4 கிலோமீட்டர் தள்ளியிருந்த எதிர்க் கரையில் 10 முதல் 15 மீட்டர் உயரம் வரை தண்ணீர் ஏறியது. நாலு கிலோமீட்டர் என்றால் அலை வர இரண்டு, இரண்டரை நிமிடம். ஆழமான நீரில் இருக்கிற படகை அலை தூக்கி இறக்கிவிட்டுப் போகும். ஆழம் குறைந்த கரையில்தான் அது எழும்பி அடிக்கும். ஆகவே கரையில் நிற்கிறவர் ட்ரைபாடை விரிப்பதற்கு முன் மேலே ஏற வழி எங்கே என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அண்டார்டிகாவின் நேகோ துறையில் இறங்குகிற பயணிகளை வழிகாட்டிகள் கரையில் நிற்கவிடாமல் மேட்டுக்கு ஏற்றுவது இதனால்தான்.

மூன்றாவது, கீழேயிருந்து வருவது. பனியாற்று முகப்பின் பெரும்பகுதி நீருக்குள் இருக்கிறது. அங்கே உடைகிற துண்டு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் முகப்புக்கு முன்னால் தள்ளி மேலே பாய்ந்து வரும். பெரும்பாலும் அடர் நீலமாக, கண்ணாடி மாதிரி இருக்கும். எடுக்கக் கிடைத்தால் அதைவிட அழகான படம் இல்லை. சின்னப் படகில் அதற்கு நேர் மேலே இருந்தால் படம் எடுக்க ஆள் இருக்காது.

ஏரி என்றால் ஆபத்து குறைவுதானே?

இல்லை. 2011 பிப்ரவரி 22 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரை உலுக்கிய நிலநடுக்கம், அங்கிருந்து வெகுதூரத்தில் உள்ள டாஸ்மன் பனியாற்றின் முகப்பை உடைத்து சுமார் 3 கோடி டன் பனியை ஏரியில் தள்ளியது. ஏரியில் இருந்த சுற்றுலாப் படகுகளை 3.5 மீட்டர் வரை உயர்ந்த அலைகள் அரை மணி நேரம் ஆட்டின.

கப்பல் ஹாரன் அடித்தால் பனி விழுமா?

விழாது. ஹாரன் அடித்த பிறகு விழுந்ததைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அடித்தும் விழாத நூறு முறையை யாரும் கதையாகச் சொல்வதில்லை. பனித் துண்டுகளின் மேல் சீல்கள் குட்டியோடு படுத்திருக்கும், அவை பயந்து தண்ணீரில் குதிப்பதுதான் மிச்சம். கிளேசியர் பேயில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் நீர்வழியைக் கோடையின் தொடக்கத்தில் படகுகளுக்கு மூடி வைப்பதே அந்தக் குட்டிகளுக்காகத்தான்.

ட்ரோன்?

பெரும்பாலான இடங்களில் முடியாது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 2014 முதல் தடை, ஆகவே கிளேசியர் பேயில் பேச்சே இல்லை. மற்ற இடங்களில் அந்தப் பூங்கா நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள்.

குளிரில் கேமராவை எப்படிப் பார்த்துக்கொள்வது?

உதிரிப் பேட்டரியை உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள். குளிரில் தீர்ந்துபோனதாகக் காட்டுகிற பேட்டரி உடல் சூட்டில் கொஞ்சம் உயிர் பெறும். கேமராவைச் சூடான அறைக்குள் கொண்டுபோகும் முன் வெளியிலேயே ஜிப் பைக்குள் போட்டு மூடிவிடுங்கள். ஈரம் பையின் மேல் படியும், லென்ஸுக்குள் படியாது. விரல் நுனி திறக்கிற கையுறை வாங்குங்கள். முகப்பிலிருந்து இறங்குகிற காற்று சாதாரணமான காற்றல்ல. அரை மணி நேரத்தில் விரல் மரத்துவிடும், மரத்த விரலுக்கு ஷட்டர் பாதி அழுந்தியிருக்கிறதா என்று தெரியாது.

பனியின் நீல நிறம் வரவில்லை.

அழுத்தத்தில் காற்றுக் குமிழ்கள் சுருங்கி இறுகிய பனிக்கட்டிக்குள் ஒளி நீண்ட தூரம் போகிறது. போகிற வழியில் பனி சிவப்பை உறிஞ்சிக்கொள்கிறது, மிச்சமாவது நீலம். நேர் வெயிலில் மேற்பரப்பு வெள்ளை கண்ணைக் கூசி நீலத்தை அமுக்கிவிடும். மேகமூட்டம் வந்தால் சலித்துக்கொள்ளாதீர்கள், நீலத்துக்கு அதுதான் நேரம். புதிதாக உடைந்த இடம் சுற்றியிருப்பதைவிடக் கருநீலமாக இருக்கும், அங்கே உடனே ஒரு படம். வெள்ளைச் சமநிலையை மேகமூட்ட நாளுக்கு உரியதில் வைத்துவிட்டு ராவில் திருத்திக்கொள்ளுங்கள். கணினியில் நீலத்தை ஏற்றிக்கொண்டே போனால் பாத்திரம் கழுவும் சோப்பு நிறம் வந்துவிடும். அந்த மாதிரிப் படங்கள் நிறைய இருக்கின்றன.

படத்தில் பிரம்மாண்டம் தெரியவில்லையே?

பனியில் அளவுக்கு ஒப்பிட எதுவும் இல்லை. 5 மீட்டர் கட்டியும் 50 மீட்டர் பாளமும் படத்தில் ஒன்று போலவே இருக்கும். பறவை, படகு, மனிதர் ஏதாவது ஒன்று சட்டத்துக்குள் இருக்கட்டும். நீங்கள் போகிற படகையே சேர்க்க முடியாது, ஆனால் இன்னொரு படகு முகப்புக்கு முன்னால் கடக்கும் நேரம் வரும். அது பொட்டு மாதிரித் தெரிகிற ஒரே ஒரு படம், நெருக்கமாக எடுத்த இருபது படத்துக்குச் சமம்.

ஆளில்லாமல் கேமராவை வைத்துவிட்டு வரலாமா?

டைம்லாப்ஸ், அதாவது குறித்த இடைவெளியில் கேமரா தானாகவே படமெடுப்பது, அதற்குத்தான். விழுகிற கணம் வேண்டுமென்றால் இரண்டு வினாடிக்கு ஒரு படம். அதைவிட இடைவெளி கூடினால் விழுதல் இரண்டு படத்துக்கு நடுவே ஒளிந்துகொள்ளும். பனியாறு நகர்வதும் பின்வாங்குவதும் வேண்டுமென்றால் மணிக்கு ஒன்றே போதும். அமெரிக்கப் புகைப்படக்காரர் ஜேம்ஸ் பலோக் 2007-இல் தொடங்கிய 'எக்ஸ்ட்ரீம் ஐஸ் சர்வே' கேமராக்களைப் பாறையில் இறுக்கிப் பொருத்தி, பகல் முழுக்க இடைவெளி விட்டு ஆண்டுக்கணக்கில் எடுக்க வைத்தது. பூங்காக்களில் இப்படிப் பொருத்த அனுமதி தேவை.

இந்தப் படத்தைப் பருவநிலை மாற்றத்தின் சாட்சி என்று போடலாமா?

ஒரு பாளம் விழுவது மட்டும் சாட்சி ஆகாது. கடலில் முடிகிற பனியாறு ஆரோக்கியமாக இருந்தாலும் உடைந்துகொண்டேதான் இருக்கும். ஹப்பர்ட் நூறாண்டுக்கும் மேலாக முன்னேறி வருகிறது. 1986-இலும் 2002-இலும் ஒரு நீர்வழியின் வாயையே அடைத்தது. அதுவும் படார் படார் என்று உடைகிறது. பெரிட்டோ மொரேனோ நெடுங்காலம் நிலையாக நின்றுவிட்டுச் சமீப ஆண்டுகளில்தான் பின்வாங்கத் தொடங்கியிருக்கிறது. அலாஸ்காவின் கொலம்பியா பனியாறு 1980-களிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. ஒரே இடத்திலிருந்து பத்து ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு படங்கள் சாட்சி. உங்கள் படத்துக்குக் கீழே இடம், தேதி, தூரம் மூன்றையும் எழுதிவையுங்கள். பின்னால் வருகிறவருக்கு முதல் படம் அதுவாகவே இருக்கலாம்.

நாள் முழுக்க நின்றேன், ஒன்றும் விழவில்லை.

நடக்கும். 2008 மே 28 அன்று செர்மெக் குயாலெக்கில் 75 நிமிடம் தொடர்ந்து நடந்த பெரும் உடைவைப் படம்பிடித்த குழு, அதற்காகப் பல நாள் அங்கேயே முகாமிட்டுக் காத்திருந்தது. பெரிட்டோ மொரேனோவில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பனி வளைவு ஒன்று உருவாகி இடிந்து விழும். அதைப் பார்க்கவே கூட்டம் கூடும். 2018 மார்ச்சில் அது புயலடித்த ஒரு ராத்திரியில், இருட்டில், பார்க்க ஆளில்லாத நேரத்தில் விழுந்தது.

சும்மா நிற்கிற நேரத்தில் திரையைப் பார்த்துப் படங்களை அழிக்கிற வேலையை மட்டும் செய்யாதீர்கள். நான் என் வாழ்க்கையிலேயே நேரில் இருந்தும் தவறவிட்ட பெரிய உடைவு அப்படித்தான் போனது. குனிந்து பதினைந்தாவது படத்தை அழித்துக்கொண்டிருந்தேன், பக்கத்தில் நின்றவர் முழங்கையால் இடித்தார், நிமிர்ந்தபோது நுரை.

படகு திரும்பியதும் எல்லோரும் குளிர் தாங்காமல் உள்ளே போய்விடுவார்கள். பின்தளத்தின் கம்பி காலியாக இருக்கும். வளைவு திரும்பி முகப்பு கண்ணிலிருந்து மறைய இன்னும் பத்து நிமிடம் ஆகும். லென்ஸ் மூடியைப் பையிலேயே வைத்துவிட்டு அங்கே போய் நில்லுங்கள்.